எல்லா வாசலிலும் தவசியின் செருப்பு

கிட்ட வந்து உட்காருங்க. இன்னும் கொஞ்சம் கிட்ட. வாசல்ல கழற்றிப்போட்ட செருப்பு அவரவருடையதுதானா என்று ஒருதரம் திரும்பிப் பார்த்துக்கொள்ளுங்க, எதுக்குச் சொல்லுதேன் என்று போகப்போகத் தெரியும். பார்த்தாச்சா? சரி, கேளுங்க.

மில் மூடிப்போய், சங்கு ஊதுவது நின்றுபோய், புகைபோக்கியில் ஆலங்கன்று முளைத்த பிறகும் மில் காலனி என்றே பெயர் நிலைத்துவிட்ட அந்த வரிசை வீடுகளில், ஒரு நாள் காலையில் தவசி செத்துப்போனார். அதே தெருவில் ராசாத்திச் சித்தி வீட்டுக்குச் சிலிண்டர் மாட்டப் போனவர், மாட்டி, சோப்பு நுரையை வைத்துக் கசிவு பார்த்து, அடுப்பைப் பற்றவைத்து, "நல்லா நீலமா எரியுது சித்தி" என்று சொல்லி, ஒரு செம்பு தண்ணீர் வாங்கி அண்ணாந்து குடித்து, "என்ன, இன்னைக்குத் தண்ணி லேசா இனிக்குது" என்று சொல்லிவிட்டுச் சுவரில் சாய்ந்தார். சாய்ந்தவர் சாய்ந்தவர்தான்.

சித்தி முதலில் நம்பவில்லை. "ஏலே தவசி, நடிக்காத. பால் பொங்குது, எழுந்திரி" என்றாள். பால் பொங்கி அடுப்பை அணைத்தது. அந்தக் கருகல் வாசனை தெருவுக்கு வந்த பிறகுதான், சித்தி வீட்டில் ஒருநாளும் பால் பொங்கி வழிந்ததில்லையே என்று ஆட்கள் உள்ளே ஓடினார்கள்.

அதன் பிறகு காலனி இருந்த இருப்பை எப்படிச் சொல்ல. பால்காரர் கையில் படியை வைத்துக்கொண்டு செம்பில் ஊற்றுவதாக நினைத்துத் தரையில் ஊற்றிக்கொண்டே நின்றார், செம்பை நீட்டிக்கொண்டிருந்த பெண்ணும் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். குழாயில் தண்ணீர் வந்து, குடம் நிறைந்து, வழிந்து, தெருவோடு ஓடியது. அடுத்த குடத்தை வைக்க ஒருத்தியும் இல்லை. சவரக்கடையில் பாதி முகம் மழித்த பெருமாள்சாமி, துண்டும் நுரையுமாக வந்து நின்று, பொழுது சாயும்வரை அந்தப் பாதி முகத்தோடேயே நின்றார். அழக்கூட யாருக்கும் தோன்றவில்லை. அழுகை என்பது ஒன்றை நம்பிய பிறகு வருவதுதானே.

அதைவிட ஒரு கூத்து. உடலைக் கொண்டுவந்து வீட்டில் கிடத்திய பிறகு, தாடை கட்டவேண்டும், பெருவிரல் கட்டவேண்டும், பந்தல்காரருக்குச் சொல்லவேண்டும், வெளியூருக்குத் தகவல் போகவேண்டும் என்று எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க, பின்னால் இருந்து ஒரு குரல், "ஏ, தவசி அண்ணாச்சிக்குச் சொல்லியாச்சாப்பா?" என்று கேட்டது. கேட்டவரை யாரும் முறைக்கவில்லை. எல்லாருமே அவர் வருவாரென்றுதான் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இத்தனை காலமாக அந்தக் காலனியில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் ஆளாக வந்து, நெற்றியில் காசு வைக்கிறதிலிருந்து, சுடுகாட்டுக்குப் போய்த் திரும்புகிறவர்களுக்குக் குளிக்கத் தண்ணீர் நிரப்பி வைக்கிறதுவரை பார்க்கிற மனுஷன் அவர். அந்த மனுஷனே படுத்துக்கிடந்தால் மற்றவர்கள் எங்கே போய் நிற்பது?

அவர் பெண்சாதி கோமு கூடத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வந்த ஒவ்வொருத்தரிடமும், "அவுக சிலிண்டர் மாட்டப் போயிருக்காக. இப்ப வந்துருவாக" என்று சொன்னாள். உடலைக் கூடத்தில் கிடத்தும்போதும் அதையேதான் சொன்னாள். மதுரையிலிருந்து மகள் உமையாள் வந்து, "யம்மா" என்று கட்டிப்பிடித்தபோதும், "உங்கப்பா வந்துருவாகட்டி, தோசைக்கு மாவு இருக்கு" என்றாள்.

கோமு விவரம் கெட்டவள் இல்லை. அந்தத் தெருவிலேயே அவளைப்போல விவரமான பொம்பளை கிடையாது. ஒழுகுகிற குழாய்க்குத் துணி சுற்றுகிறது, மிக்சி ஓடவில்லையென்றால் திருப்பிப்போட்டுச் சிவப்புப் பொத்தானை அமுக்குகிறது, பல்லி விழுந்த ஃபியூஸை மாற்றுகிறது எல்லாம் அவள் கைக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஊர் வேலையெல்லாம் பார்த்துவிட்டு வருகிற மனுஷன், நம் வீட்டிலாவது காலை நீட்டி உட்காரட்டும் என்று, அவர் வருவதற்குள் வீட்டில் உள்ள பழுதையெல்லாம் பார்த்து வைத்துவிடுவாள். "நம்ம வீட்டுல எதாவது பாக்கணுமா?" என்று அவர் கேட்பார். "இங்க ஒண்ணும் வேண்டாம், உக்காருங்க" என்பாள். இது அவர்கள் வீட்டில் விளக்கு வைக்கிற நேரத்துப் பேச்சு. அன்றாடம் இதே கேள்வி, இதே பதில்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவர் வந்துவிடுவார். அதில் ஒருநாளும் தவறினதில்லை. மழைக்காலத்தில் ஓடை கரையை உடைத்து ஊருக்குள் தண்ணீர் வந்தபோது ஆட்களைத் தோளில் தூக்கிக் கரையேற்றிக்கொண்டிருந்தவர்கூட, விளக்கு வைக்கும் நேரத்துக்கு இடுப்புவரை சேற்றோடு வந்து, ஒரு தோசை தின்றுவிட்டுத் திரும்பிப் போனார். முதல் தோசை கல்லுக்கு, இரண்டாவது உனக்கு என்று கரண்டியைப் பிடுங்கிக் கோமுவை உட்காரவைத்து அவரே வார்ப்பார். மகள் பள்ளிக்கூடம் போன காலத்தில் இரட்டைச்சடை பின்னிவிட்டது அவர்தான், நூல் மில்லில் வேலைபார்த்து இழை இழையாகப் பார்த்த கையாதலால் சடை வகிடு நூல் பிடித்ததுபோல இருக்கும். அன்றைக்கு யார் வீட்டில் என்ன நடந்தது என்று ஒன்றுவிடாமல் கோமுவிடம் சொல்லுவார். எதிர்வீட்டு லாரி டிரைவர் கொம்பையா குடித்துவிட்டு வந்து மாரிச்செல்வியை அடிக்கிற அன்றைக்கு மட்டும், பாதித் தோசையில் எழுந்து போவார். போய், வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டுபேருக்கும் நடுவில் உட்கார்ந்து, "கொம்பையா, குடிக்கத் தண்ணி கொண்டாப்பா" என்பார். அவ்வளவுதான். திட்டமாட்டார், அதட்டமாட்டார். கொம்பையா தண்ணீர் எடுத்துக்கொண்டு வருவதற்குள் அவன் கையில் இருந்த பெல்ட்டுக்கு வேலை இல்லாமல் போய்விடும்.

இனி அந்தச் செருப்பைப் பற்றிச் சொல்லவேண்டும். நீல வார் போட்ட ரப்பர் செருப்பு. இடதுகால் வார் பிய்ந்துபோனபோது, கோமு தன் தாலியில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றி, அடியில் வாரின் காதில் குத்தி மாட்டிக்கொடுத்தாள். அன்றையிலிருந்து அந்த ஊக்கு நடக்கும்போது தரையில் தட்டும். சரக், டிக். சரக், டிக். தீபாவளிக்குப் புதுச்செருப்பு எடுத்துக்கொடுத்தால், "உன் ஊக்கு இருக்கையில இதெதுக்கு" என்று யாருக்காவது கொடுத்துவிடுவார். தெருமுனையில் சரக், டிக் என்று கேட்டால் கோமு தோசைக்கல்லை அடுப்பில் ஏற்றுவாள்.

சாவு நடந்த அன்றைக்கு அந்தச் செருப்பை யாரும் நினைக்கவில்லை. அது ராசாத்திச் சித்தி வாசலிலேயே கிடந்தது. செத்தவரின் செருப்பை அவர் போகும்போதே அனுப்பிவிடுகிறதுதான் அங்கே வழக்கம், பாடைக்குப் பின்னால் ஒரு ஆள் எடுத்துப்போய்ச் சுடுகாட்டு எல்லையில் விட்டுவிட்டு வருவான். எல்லாச் சாவிலும் அதை ஞாபகமாக எடுத்துப்போகிற ஆள் தவசி. அதனால் விட்டுப்போயிற்று.

சுடுகாட்டிலிருந்து திரும்பிய ஆண்கள் அவரவர் வாசலில் கால் கழுவக் குனிந்தபோது, அவரவர் வாசலிலும் தவசியின் செருப்பு கிடந்தது. அதேபோல் இன்னொரு செருப்பு இல்லை, அதே செருப்பு. அதே நீல வார், அதே ஊக்கு, பெருவிரல் பதிந்து பதிந்து குழியாகிப்போன அதே பள்ளம். காலனியில் எத்தனை வாசல் உண்டோ அத்தனை வாசலிலும், வீட்டைப் பார்த்தபடி, இப்போதுதான் ஒரு ஆள் கழற்றிவிட்டு உள்ளே போனதுபோல.

இதில் யாருக்கும் ஒரு திகைப்பும் இல்லை. மனுஷன் செத்ததுதான் நெஞ்சில் இறங்காமல் நின்றதே தவிர, செருப்பு வந்தது சரியாகத்தான் பட்டது. "பின்ன, அவுக எங்க போவாக" என்று சொல்லிக்கொண்டு பெண்கள் காலையில் அதை ஓரமாக நகர்த்தி வைத்து வாசல் தெளித்தார்கள், கோலம் போட்டார்கள், ஈரம் காய்ந்ததும் பழைய இடத்தில் வைத்தார்கள். செருப்பைக் கவ்விக்கொண்டு ஓடுகிற தெருநாய்கள்கூட அதை முகர்ந்துவிட்டு வாலை ஆட்டிக்கொண்டு பக்கத்தில் படுத்தன. ஒருத்தி பயபக்தியாகக் கொஞ்சம் மல்லிகைப்பூவைக் கொண்டுவந்து செருப்பின்மேல் வைக்க, ராசாத்திச் சித்தி வந்து பூவை எடுத்து அவள் தலையிலேயே செருகினாள். "ஆள் உள்ள இருக்காருன்னுதான செருப்பு வெளிய கிடக்கு. உள்ள இருக்க ஆளுக்கு வாசல்ல பூப் போடுவியாட்டி? கூறு கெட்டவளே, உள்ள போயி ஒரு வாய் காப்பி போடு." அன்றையிலிருந்து எல்லா வீட்டிலும் ஒரு டம்ளர் காப்பி கூடுதலாகப் போட்டார்கள். ஆறியபிறகு யாராவது குடித்துக்கொண்டார்கள்.

செருப்பு கிடப்பதற்குத் தகுந்தாற்போல் காலனியும் நடந்துகொண்டது. மாமியாரும் மருமகளும் சண்டைக்கு வாயைத் திறந்து, வாசலைப் பார்த்து, வாயை மூடினார்கள். குழாயடியில் குடத்தைக் காலால் தள்ளுகிறது நின்றது. கொம்பையா நிறைந்த போதையில் வந்து, வாசலில் செருப்பைப் பார்த்து, மடித்துக்கட்டிய லுங்கியை இறக்கிவிட்டு, ஓசைப்படாமல் உள்ளே போய், போட்டதைத் தின்றுவிட்டுப் படுத்தான். மாரிச்செல்வியின் கன்னத்து வீக்கம் வடிந்து, அவளுக்குக் கன்னத்தில் ஒரு குழி உண்டு என்பது தெருவுக்கே தெரியவந்தது.

பெருமாள்சாமி மட்டும் ஒருநாள் அவசரத்தில் தன் செருப்பென்று நினைத்து அதில் காலை விட்டுவிட்டார். மீதிப் பாதி முகத்தை மழிக்கச் சவரக்கடைக்குக் கிளம்பியவரைக் கால் ரேஷன் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனது. அங்கே ஒரு கிழவியின் அரிசிப் பையைத் தூக்கி அவள் வீட்டில் சேர்த்து, அங்கிருந்து ஆஸ்பத்திரிக்குப் போய் யாருக்கோ ரத்தம் கொடுத்து, அங்கிருந்து ரோட்டைக் கடக்கத் தெரியாமல் நின்ற பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கைபிடித்து எதிர்ப்பக்கம் கொண்டுவிட்டு, பொழுது சாய, மூச்சு வாங்க வந்து நின்றார். "போகணும்னு நெனைச்ச இடத்துக்கு விடமாட்டேங்குது, அண்ணாச்சி செருப்பு. எங்க போகவேண்டியிருக்கோ அங்கதான் இழுத்துட்டுப் போகுது" என்றார். "தினமும் இதையா செஞ்சாரு அந்த மனுஷன்" என்று கேட்டுவிட்டு, அன்றைக்குத்தான் முதல்முதலாக அழுதார். அதன் பிறகு அந்தச் செருப்பில் கால் வைக்க ஒருவரும் துணியவில்லை.

எல்லாம் சரி. ஆனால் கோமு வீட்டு வாசலில் மட்டும் அந்தச் செருப்பு இல்லை.

முதல் நாள் அவள் அதைக் கவனிக்கவில்லை. மறுநாள் விளக்கு வைக்கும் நேரத்தில் தோசைக்கல்லை ஏற்றிவிட்டு வாசலுக்கு வந்தவள், எதிர்வீட்டு வாசலைப் பார்த்தாள், பக்கத்து வீட்டு வாசலைப் பார்த்தாள், தெருக்கோடிவரை பார்த்தாள், பிறகு தன் வாசலைப் பார்த்தாள். கல் காய்ந்து அடுப்படி முழுக்கப் புகை மண்டியது.

"யம்மா, உள்ள வா" என்றாள் உமையாள்.

"எல்லா வீட்டுலயும் இருக்காக. நம்ம வீட்டுல இல்லட்டி."

"அப்பா எல்லாருக்கும் பொதுவா இருந்தாக. அதான்."

"பொதுவா இருந்தவுக விளக்கு வைக்கையில எங்க இருந்தாக? சொல்லு. எங்க இருந்தாக?"

கோமுவுக்கு அந்த நேரம்தான் புருஷன் செத்தது உறைத்தது. கூடத்தில் கிடத்தியபோது இல்லை, கொள்ளிக்குடம் உடைத்தபோது இல்லை. எல்லாப் படியிலும் செருப்பு கிடக்க, தன் படி மட்டும் மொட்டையாகக் கிடந்த அந்த நேரம்தான். அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

கருமாதி விசேஷ நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்கு அவள் அண்ணன் தம்பிகள் கோடிச்சேலையோடு வருவார்கள், தாலியை இறக்குவார்கள். அத்தோடு கணக்குத் தீர்ந்தது, அவள் அவருக்குப் பெண்சாதி என்பது போய், செத்தவரின் பெண்சாதி ஆகிவிடுவாள். அதற்குள் ஒருதரம், ஒரே ஒருதரம், அந்தச் செருப்பு தன் படியில் கிடக்கவேண்டும். வேறு எதுவும் அவளுக்கு வேண்டாம். வாழ்ந்த வாழ்க்கை தன்னோடுதானா, இல்லை, ஊரோடு வாழ்ந்துவிட்டுத் தன்னிடம் தோசை தின்ன மட்டும் வந்தாரா என்று தெரியாமல் தாலியை எப்படி இறக்குவது?

கூப்பிட்ட வீட்டுக்குத்தானே அந்த மனுஷன் போவார் என்று யோசித்தாள். குழாயில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்துவிட்டாள். தண்ணீர் சொட்டியது, செருப்பு வரவில்லை. ஃபியூஸைப் பிடுங்கினாள். வீடு இருண்டது, செருப்பு வரவில்லை. சிலிண்டரைத் திருகிக் கழற்றி வைத்தாள். உமையாள் பதறிப்போய், "யம்மா, என்ன செய்த? வீடு என்னத்துக்கு ஆகும்?" என்றாள்.

"பழுதாகட்டும்னுதான் செய்தேன்."

"இதெல்லாம் உனக்கே சரிபண்ணத் தெரியும்னு அப்பாவுக்குத் தெரியாதா?"

மகள் விளையாட்டாகத்தான் சொன்னாள். கோமு இருட்டில் சிலிண்டரிலிருந்து கையை எடுத்தாள். இத்தனை வருஷத்தில் அந்த வீட்டிலிருந்து யாரும் அவரைக் கூப்பிட்டதே இல்லையே என்று அவளுக்கு அப்போதுதான் பட்டது. ஊரே வாசலில் வந்து நின்று, "தவசி அண்ணாச்சி", "தவசி மாமா", "ஏ தவசி" என்று கூப்பிட்டது. அவள் கூப்பிட்டதில்லை. எப்படிக் கூப்பிடுவாள்? கட்டின நாளிலிருந்து அவர் பேரை அவள் வாயால் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூட உமையாளைச் சொல்லவைப்பாள். கோவிலில் அர்ச்சனைக்கு ஐயர் பேர் கேட்டால், பக்கத்தில் நிற்கிறவளைப் பார்ப்பாள், அவள் எடுத்துக்கொடுப்பாள். பேர் சொல்லாமல் காத்த மரியாதைதான் அது. ஆனால் பேர் சொல்லிக் கூப்பிட்டால் வருகிற ஆளுக்குப் பேர் காதில் விழவேண்டுமே.

விசேஷத்துக்கு முந்தின நாள், விளக்கு வைக்கிற நேரம். கோமு முகம் கழுவி, தலையை முடிந்து, வீட்டைவிட்டு இறங்கித் தெருவில் போய் நின்றாள். காலனியில் மற்றவர்கள் எங்கே நின்று கூப்பிடுவார்களோ அங்கே, தன் வீட்டைப் பார்த்தபடி, யாரோ போல. ராசாத்திச் சித்தி எதற்கோ வெளியே வந்தவள், "என்ன கோமு, வீட்டுக்கு வழி தெரியலையா?" என்றாள். கோமு காதில் வாங்கவில்லை. வாயைத் திறந்தாள். முதலில் காற்றுதான் வந்தது. கல்யாணத்தன்றைக்கு அவர் தாலி கட்டக் குனிந்தபோது எப்படிக் காது சூடேறியதோ அப்படிக் காது சூடேறியது.

"தவசி" என்றாள்.

சித்தி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"தவசி. வீட்டுல இருக்கீகளா? எனக்கு ஒரு ஒத்தாசை வேணும்."

தெருமுனையில் கேட்டது. சரக், டிக். சரக், டிக். எப்போதும் வருகிற நடைதான், அவசரமும் இல்லை, தாமதமும் இல்லை. ஆள் தெரியவில்லை. சத்தம் மட்டும் கோமுவைக் கடந்து போய்ப் படியேறி நின்றது. கோமு திரும்பிப் பார்த்தபோது செருப்பு அவள் வாசலில், வீட்டைப் பார்த்தபடி, இன்னும் சூடு ஆறாமல் கிடந்தது.

அந்த நிமிஷமே மற்ற வாசலெல்லாம் காலியாயிற்று.

முதலில் பார்த்தது நாய்கள்தான். படுத்திருந்தவை எழுந்து, வெறுந்தரையை முகர்ந்து, வானத்தைப் பார்த்து ஊளையிட்டன. சத்தம் கேட்டு வெளியே வந்த பெண்கள் வாசலைப் பார்த்தார்கள். காப்பி டம்ளரோடு வந்த ஒருத்தியின் கையிலிருந்து டம்ளர் நழுவி உருண்டது. அதற்கப்புறம் அந்தக் காலனியில் எழுந்த அழுகை இருக்கிறதே, சாவன்றைக்கு எழாமல் எல்லார் நெஞ்சிலும் தங்கிப்போன அழுகை, அது வீடு வீடாக எழுந்து தெரு முழுக்க ஒன்றாய்ச் சேர்ந்தது. நெஞ்சில் அறைந்துகொண்டார்கள். ஆண்கள் சுவரில் முட்டிக்கொண்டு அழுதார்கள். "போயிட்டாகளே, அண்ணாச்சி போயிட்டாகளே" என்று அன்றைக்குத்தான் சொன்னார்கள். அன்றைக்குத்தான் அவர்களுக்குத் தவசி செத்தார்.

கோமுவுக்கு எதுவும் கேட்கவில்லை. அவள் படியில் செருப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். "கூப்பிட்டா வந்துருவீகளா? இத்தன நாள் இது தெரியாமப் போச்சே எனக்கு" என்றாள். "ஒண்ணும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்னு சொல்லியே உங்கள வெளிய அனுப்பிட்டேனே." பிறகு, "இனி போவீகளா?" என்று கேட்டாள். செருப்பு என்ன சொல்லும். அவள் விவரமானவள் அல்லவா, பதிலுக்குக் காத்திருக்கவில்லை. இடது செருப்பைத் திருப்பி, அடியில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றினாள். வாரின் காது துளையிலிருந்து உருவிக்கொண்டு வந்தது. ஊக்கை முந்தானையில் துடைத்து, தாலியில் அது முன்பிருந்த இடத்திலேயே கோத்துக்கொண்டாள். "இப்பப் போங்க பாப்போம்" என்றாள். அவர் செத்த பிறகு அவள் சிரித்தது அப்போதுதான். உள்ளே போய் ஃபியூஸை மாட்டி, சிலிண்டரைப் பூட்டி, தோசைக்கல்லை ஏற்றினாள். முதல் தோசை கல்லுக்குப் போயிற்று. இரண்டாவதைப் பாதியாகக் கிள்ளித் தட்டில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

எதிர்வீட்டில் கொம்பையா வந்திருந்தான். தன் வாசலில் செருப்பு இல்லாததை அவன் நின்று நிதானமாகப் பார்த்தான். குனிந்து தரையைத் தடவிக்கூடப் பார்த்தான். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே போனான்.

"ஆளு போயாச்சில்ல. இனி எவன் வருவான்?" என்று அவன் குரல் வந்தது. எதுவோ பாத்திரம் உருண்டது. மாரிச்செல்வி, "வேண்டாம், வேண்டாம்" என்று சொன்னது கேட்டது. உரக்கச் சொல்லவில்லை, பழக்கப்பட்டவள் சொல்லுகிறதுபோலச் சொன்னாள்.

கோமு படியைப் பார்த்தாள். வீட்டைப் பார்த்துக் கிடந்த செருப்பு இப்போது தெருவைப் பார்த்துத் திரும்பியிருந்தது. வலது செருப்பு ஒரு எட்டு முன்னால் போயிருந்தது. இடதுசெருப்பு வார் தொங்க, கிடந்த இடத்திலேயே துடித்துக்கொண்டிருந்தது.

"இருக்க விடமாட்டாகளே" என்றாள் கோமு. யாரைச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. பாதித் தோசை கையில் ஆறிக்கொண்டிருந்தது. ஊக்கைத் திரும்ப மாட்டினால் அவர் போய்விடுவார், எல்லா வாசலுக்கும் போய்விடுவார், இந்தப் படி மறுபடியும் மொட்டையாகிவிடும், நாளைக்குத் தாலி இறங்கிவிட்டால் பிறகு கூப்பிட அவளுக்கு வாயும் வராது. மாட்டாவிட்டால் அவர் இங்கேயே கிடப்பார். கிடந்து, எதிர்வீட்டுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, இப்படியே துடித்துக்கொண்டு. அதுவா அவரை வீட்டில் வைத்துக்கொள்கிறது?

உள்ளே இருந்து உமையாள், "யம்மா, நீ போகாத. அவன் குடிச்சிருக்கான்" என்றாள்.

"உங்கப்பா போகையில அவன் மோர் குடிச்சிட்டா இருந்தான்?"

தட்டை மகள் கையில் கொடுத்தாள். "ஆற விடாம மூடி வை" என்றாள். தாலியிலிருந்து ஊக்கைக் கழற்றினாள். நாளைக்கு இறங்கப்போகிற தாலிக்கு ஊக்கு எதற்கு? வாரைத் துளைக்குள் இழுத்து, ஊக்கைக் குத்தி, அழுத்திப் பூட்டினாள். பூட்டிவிட்டுக் கையை எடுக்கவில்லை. செருப்பு நகர்வதற்குள் தன் இரண்டு காலையும் அதற்குள் விட்டாள். குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரற்கடை இடம் மிச்சம் இருந்தது. பெருவிரல் குழிக்குள் அவளுடைய பெருவிரல் போய் உட்கார்ந்தது. குழி சுடச்சுட இருந்தது.

சரக், டிக்.

அழுதுகொண்டிருந்த தெரு நின்றது. ராசாத்திச் சித்தி மூக்கைச் சிந்திய கையோடு நிமிர்ந்தாள். பெருமாள்சாமி சுவரிலிருந்து தலையை எடுத்தார்.

சரக், டிக். சரக், டிக். கோமு தெருவைக் கடந்தாள். அவள் நடுத்தெருவுக்கு வருவதற்குள் எதிர்வீட்டில் பாத்திரம் உருளுகிற சத்தம் நின்றது. வாசலுக்கு வருவதற்குள், உள்ளே யாரோ அவசர அவசரமாகத் தண்ணீர்ப் பானையைத் திறந்து செம்பை முக்குகிற சத்தம் கேட்டது.

கோமு கொம்பையா வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினாள். அதை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போகவில்லை. குனிந்து, இரண்டு செருப்பையும் கையால் எடுத்து, எதிரே விளக்கு எரிந்துகொண்டிருந்த தன் வீட்டைப் பார்க்கும்படி திருப்பி வைத்துவிட்டு, உள்ளே போனாள்.